சியான் இரவுக்கடைகள்: எங்கே நிற்கலாம், என்ன சாப்பிடலாம்?

நடைவண்டி (இழையைத் தொடங்கியவர்) | 5 அக்டோபர் 2025

செப்டம்பரில் ஆறு இரவு சீனாவின் சியான் நகரில் தங்கினேன். சுடுமண் வீரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆறு இரவும் நான் போய் நின்றது ஹுய் முஸ்லிம் மக்கள் வாழும் பகுதியின் இரவுக்கடைகளில். அதைப் பேசத்தான் இந்த இழை.

மெட்ரோவில் ஜோங்லோ நிலையத்தில் இறங்கினால் மணி மாடம். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் முரசு மாடம், 1380இல் கட்டியது. அதன் அடியில் உள்ள வளைவைத் தாண்டினால் பேய்யுவான்மென் தெரு. வளைவுக்குள் நுழையும்போதே கரியடுப்பில் சொட்டும் ஆட்டுக் கொழுப்பும் சீரகமும் மிளகாயும் சேர்ந்த வாசனை வந்துவிடும். உரித்த ஆட்டைக் கடை முன்னால் தொங்கவிட்டு, நம் கண் முன்னாலேயே அறுத்துக் குச்சியில் கோக்கிறார்கள். இன்னொரு பக்கம் இரண்டு பேர் பெரிய மரச் சுத்தியலை மாற்றி மாற்றி ஓங்கிக் கடலை மிட்டாய் இடிக்கிறார்கள். மாதுளைச் சாறு பிழிகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் தெரு பகல் மாதிரி இருக்கிறது.

முதல் இரவு எனக்கு ஏமாற்றம்தான். நான் சாப்பிட்டது குச்சியில் சுட்ட கணவாய், நெய்யில் பொரித்த உருளைக்கிழங்கு, பெயர் தெரியாத ஒரு பழச்சாறு. சியானில் கடலே கிடையாது. சீனாவின் எந்தச் சுற்றுலாத் தெருவுக்குப் போனாலும் அதே கணவாய் அதே குச்சியில் கிடைக்கும் என்று பிறகுதான் புரிந்தது. போதாததற்கு, முந்திரியும் வால்நட்டும் சேர்த்து இறுக்கிய ஒரு இனிப்புக் கட்டியைக் கேட்டேன். பலகையில் 15 என்று எழுதியிருந்தது. அது 50 கிராமுக்கான விலை. கத்தியை அவர் வைத்த இடத்தைப் பார்த்து நான் தலையாட்டிவிட்டேன். வெட்டி எடை போட்டதும் 120 யுவானுக்கு மேல். வெட்டிவிட்டேன், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். நம் பணத்தில் கிட்டத்தட்ட 1,500 ரூபாய்.

இரண்டாவது இரவு பெரிய தெருவில் பாதி தூரம் போய், பக்கத்துச் சந்தில் திரும்பினேன். பத்து நிமிடத்தில் வேறு ஊர். பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், மொபெட்டில் வந்து பொட்டலம் வாங்கிப் போகிறவர்கள், ஒரே ஒரு பண்டம் மட்டும் விற்கும் கடைகள். அன்றிலிருந்து ஐந்து இரவும் அங்கேதான் கிடந்தேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் விளக்கு முடியும் இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள், அதற்கு அடுத்த சந்தில்தான் சாப்பாடு தொடங்குகிறது. போனவர்கள், போகப்போகிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் சந்தேகங்களையும் எழுதுங்கள்.

---

மதுரை இரவு | 5 அக்டோபர் 2025

நல்ல இழை. ஒரு சந்தேகம். சீன இரவுச் சந்தை என்றாலே தேள், பூரான், பட்டுப்புழு எல்லாம் குச்சியில் நெளியும் காணொளிதான் என் கைப்பேசியில் வருகிறது. நீங்கள் அதைப் பற்றி எதுவுமே எழுதவில்லையே? கேலிக்குக் கேட்கவில்லை. என் மனைவியும் நானும் அடுத்த வருடம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் அவள் தயங்குகிறாள்.

---

ஸ்டெதஸ்கோப் | 6 அக்டோபர் 2025

நான் சியானில் மருத்துவம் படித்தவன். ஐந்து வருடம் அந்தச் சந்துகளில்தான் இரவுச் சாப்பாடு. அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அந்தக் காணொளிகளில் பழையவை பெரும்பாலும் பெய்ஜிங்கின் தோங்ஹுவாமென் இரவுச் சந்தையிலும் பக்கத்து வாங்ஃபுஜிங் தெருவிலும் எடுத்தவை. தோங்ஹுவாமென் 1984இல் தொடங்கி 2016 ஜூனில் மூடப்பட்டது. தேளை வறுத்துச் சாப்பிடும் வழக்கம் ஷான்தோங் மாகாணத்தில் உண்டு, பட்டுப்புழுக் கூடு வடகிழக்கில் உண்டு. அது அவர்கள் உணவு, முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெய்ஜிங்கில் குச்சியில் குத்தி வைத்தது படம் எடுக்க வருகிறவர்களுக்காக. சியானில் என்னோடு படித்த உள்ளூர் மாணவர்கள் யாரும் தேள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள் அண்ணே.

சியானின் சாப்பாடு கோதுமை, ஆடு, மாடு, எள், மிளகாய், பூண்டு, கறுப்பு வினிகர். நம் நாக்குக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் சீன ஊர் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். அங்கே ஒரு வழக்கு உண்டு: ‘நூடுல்ஸ் இடுப்பு வார் அகலம், ரொட்டி பானை மூடி அளவு, எண்ணெய் ஊற்றிய மிளகாயே ஒரு கறி.’ ஷான்ஷி மாகாணத்தின் விசித்திரங்கள் என்று அவர்களே பெருமையாக அடுக்கும் பட்டியலில் வருவது இது.

அந்த எண்ணெய் ஊற்றும் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யோ போ மியான் என்று ஒரு நூடுல்ஸ். வெந்த நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் மிளகாய்த்தூளையும் நறுக்கிய பூண்டையும் வெங்காயத்தாளையும் குவித்து வைப்பார்கள். கரண்டியில் புகைய புகையக் காய்ந்த எண்ணெயை நேராக அந்தக் குவியலின் மேல் ஊற்றுவார்கள். சொய்ங் என்று சத்தம், தெருவே கமகமக்கும். தாளிப்பு, ஆனால் கடைசியில், கிண்ணத்திலேயே. விடுதியில் வீட்டு நினைப்பு வந்த நாளில் எல்லாம் நான் போய் உட்கார்ந்தது அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான்.

நடைவண்டி அண்ணா போன சந்து தா பீ யுவான் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் சா ஜின் சியாவ். உள்ளூர்க்காரர்கள் போவது அங்கே.

---

நடைவண்டி | 6 அக்டோபர் 2025

ஆமாம் தம்பி, தா பீ யுவானேதான். அந்த எண்ணெய்ச் சத்தம் எனக்கும் இன்னும் காதில் இருக்கிறது.

---

காவேரிக்கரை | 7 அக்டோபர் 2025

நவம்பரில் கணவரோடு போகிறேன். அவர் எல்லாம் சாப்பிடுவார். நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். ஆடு தொங்குகிறது, கொழுப்பு சொட்டுகிறது என்று படித்ததும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் எனக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்குமா, இல்லை விடுதியில் அவலை நனைத்துச் சாப்பிட வேண்டியதுதானா? நேராகச் சொல்லுங்கள்.

---

ஸ்டெதஸ்கோப் | 7 அக்டோபர் 2025

இருக்கிறது அக்கா. ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் லியாங் பீ. கோதுமை அல்வாவுக்கு மாவைக் கரைத்துப் பால் எடுப்பீர்களே, அதே வேலை. பிசைந்த மாவைத் தண்ணீரில் அலசி அலசிப் பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை அகலத் தட்டில் மெல்லிதாக ஊற்றி ஆவியில் வேகவைப்பார்கள். தோல் மாதிரி வரும். அதைப் பட்டையாக அறுத்து, வெள்ளரிக்காய், மிளகாய் எண்ணெய், வினிகர், பூண்டுத் தண்ணீர் கலந்து, ஆறியபடியே தருவார்கள். அலசிய பிறகு மிஞ்சும் சக்கையும் வீணாகாது. அதையும் வேகவைத்துப் பஞ்சு போன்ற துண்டுகளாக மேலே போடுவார்கள். முஸ்லிம் பகுதியில் இதன் மேல் எள் விழுது ஊற்றுவது வழக்கம். அதைத்தான் முதலில் தேடுங்கள்.

அடுத்தது இனிப்பு. ஜிங் காவ் என்ற பெயரில் இரண்டு பண்டம் உண்டு, வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடுவார்கள். ஒன்று, பெரிய பானையில் பசையரிசியும் சீனப் பேரீச்சையும் ராஜ்மா போன்ற பயறும் அடுக்கடுக்காகப் போட்டு மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்தது. கரண்டியால் வெட்டித் தருவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது காலை உணவு. மற்றொன்று உள்ளங்கையில் பாதி அளவு மரக் குப்பியில் அரிசி மாவை வைத்து, ஆவி ஏற்றி, குச்சியில் குத்தி எள்ளும் சர்க்கரையும் புரட்டித் தருவது. குட்டிப் புட்டு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உங்களுக்கு ஆகும்.

நவம்பர் என்பதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். லின்தோங் பக்கத்து சீமைப்பனிச்சை, அதாவது பெர்சிமன் பழம், அப்போதுதான் பழுத்துச் சந்தைக்கு வந்திருக்கும். அந்தப் பழக்கூழில் மாவு பிசைந்து, நடுவே வால்நட், எள், இனிப்புப் பயறு என்று ஏதாவது பூரணம் வைத்து எண்ணெயில் பொரிக்கும் அடை ஒன்று உண்டு. சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் பாதி சுவை போய்விடும்.

பேசக் கற்றுக்கொள்ள வேண்டியவை: ‘வோ ச்சர் ஸு’ என்றால் நான் சைவம். ‘பு யாவ் ரோ’ என்றால் இறைச்சி வேண்டாம். ‘பு யாவ் ரோ தாங்’ என்றால் இறைச்சிச் சாறு வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். காய்கறி நூடுல்ஸ் என்று சொல்லி ஆட்டுச் சாற்றில் போட்டுத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது தப்பே இல்லை, துண்டு இல்லையே.

ஒரு எழுத்தையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டி, அதற்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கூரை வடிவங்கள். அதுதான் இறைச்சி என்ற எழுத்து. பலகையில் அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் கவலை தீரும். குச்சியில் சுடும் காய்கறி மட்டும் வேண்டாம், அதே கம்பி, அதே தூரிகை, அதே கொழுப்பு.

---

காயல் காற்று | 8 அக்டோபர் 2025

2019இல் போய் வந்தேன். சீனாவின் மற்ற ஊர்களில் சாப்பாட்டுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். சியானில் அந்த வளைவைத் தாண்டியதும் எல்லாக் கடையிலும் அரபியில் ஹலால் என்று பச்சைப் பலகை. அன்று வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. சீனத்தில் ‘ச்சிங் ஜென்’ என்பார்கள்.

கடைகளுக்கு நடுவில் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. தயவுசெய்து பகலிலேயே போய்விடுங்கள். குவிமாடம் கிடையாது. ஓடு வேய்ந்த கூரை, முற்றத்துக்குப் பின் முற்றம், பாங்கு சொல்லும் இடத்தில் எண்கோண மரக் கோபுரம். முதலில் ஏதோ சீனக் கோயிலுக்குள் வந்துவிட்டேனோ என்று தோன்றியது. கிட்டப் போனால் மரத்திலும் கல்லிலும் அரபி எழுத்து. இப்போது நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் மிங் அரச வம்சத்தின் காலத்தவை. தொழுகைக்கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போகக் கூடாது, முற்றங்களைச் சுற்றிப் பார்க்கலாம்.

கறி சுடும் கடைக்காரரிடம் அந்தப் பொடி என்ன என்று கேட்டேன். ‘ட்ஸரான்’ என்றார். முகர்ந்து பார்த்தால் நம் சீரகம். உய்குர் மொழியில் ஸீரே, பாரசீகத்தில் ஸீரா, இந்தியில் ஜீரா, நமக்குச் சீரகம். பட்டுப் பாதையில் ஒட்டகத்தில் போன பெயரும் இந்தப் பக்கம் தங்கிய பெயரும் ஒரே குடும்பம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைக்காரரிடம் ‘எங்கள் ஊரில் சீரகம்’ என்று சொன்னபோது அவர் இரண்டு மூன்று முறை அதைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது காட்சிக்காகக் கட்டிய தெரு அல்ல. பல தலைமுறையாக ஆட்கள் குடியிருக்கும் மொஹல்லா. வெளியே வாங்கிய பியரையும் பன்றி இறைச்சிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே வராதீர்கள். பல கடைகளில் மது அனுமதி இல்லை. தொப்பி போட்ட பெரியவரைக் கண்டதும் முகத்துக்கு முன்னால் கேமராவை நீட்டுவதையும் பார்த்தேன். கேட்டுவிட்டு எடுங்கள்.

---

மதுரை இரவு | 8 அக்டோபர் 2025

பாய், சீரகக் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். தேள் மறந்துபோய்விட்டது. நன்றி.

பணம் எப்படிக் கொடுப்பது? அங்கே காகிதப் பணம் செல்லாது என்கிறார்களே?

---

சிராங்கூன்வாசி | 9 அக்டோபர் 2025

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து எங்களுக்கு 30 நாள் விசா தேவையில்லை என்பதால் இதுவரை மூன்று முறை போய்விட்டேன்.

காகிதப் பணம் செல்லும். வாங்க மறுப்பது அங்கே விதிமீறல். ஆனால் தள்ளுவண்டிக்காரரிடம் சில்லறை இருக்காது. எல்லோரும் கைப்பேசியில்தான் கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் நிறுவி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். 2023இலிருந்து வெளிநாட்டு அட்டையை எளிதாக இணைக்க முடிகிறது. 200 யுவானுக்குக் கீழே கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். தெருச் சாப்பாட்டில் 200 தாண்டவே தாண்டாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வங்கிச் செயலியில் மறக்காமல் பாருங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சில சின்னக் கடைகளில் தொங்குவது வியாபாரக் கணக்கின் கியூஆர் அல்ல, கடைக்காரரின் சொந்தக் கணக்குக்கானது. அதில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யாமல் போகலாம். அதற்காகப் பத்து, இருபது யுவான் தாள்கள் கொஞ்சம் பையில் இருக்கட்டும்.

விலை கேட்க ‘துவோ ஷாவ் ச்சியென்’. எடைக்கு விற்கும் எதையும் வெட்டும் முன்பே கால்குலேட்டரைத் திறந்து நீட்டுங்கள், மொத்த விலையை அவரே தட்டட்டும். ஒரு ஜின் 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். நடைவண்டி மாட்டிக்கொண்டது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நடைவண்டியோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. பெரிய தெருவை அவ்வளவு தள்ளிவிட வேண்டாம். முதல் தடவை வருகிறவர்களுக்கு, மொழி தெரியாதவர்களுக்கு, வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு அங்கேதான் படம் போட்ட பலகை, விலை, உட்கார இடம் எல்லாம் இருக்கிறது. என் அம்மாவுக்கு 71 வயது. அவர் ரசித்தது அந்த விளக்குகளையும் மிட்டாய் இடிப்பவர்களையும்தான். அங்கே கடை வைத்திருப்பவர்களும் அதே பகுதிக் குடும்பங்கள்தான். சந்து மட்டுமே உண்மை, தெரு பொய் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

---

நடைவண்டி | 9 அக்டோபர் 2025

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் யோசித்தேன். நீங்கள் சொல்வது நியாயம். தெரு பொய் என்று நான் சொன்னது போல் ஆகிவிட்டால் அது தவறு. மிட்டாய் இடிப்பதை நானும் கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.

ஆனால் ஒன்றில் நான் மாற மாட்டேன். ஒரே கடையில் இருபது பண்டம் விற்றால் அங்கே சாப்பிடாதீர்கள். ரோ ஜியா மோ, அதாவது இறைச்சி அடைத்த ரொட்டி, விற்கும் கடை அதை மட்டுமே விற்க வேண்டும். அந்த ரொட்டிக்குள் வைக்கும் இறைச்சி காலையிலிருந்து மசாலாச் சாற்றில் கொதித்துக்கொண்டிருக்கிறது. முஸ்லிம் பகுதியில் அது உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, வெளியே நகரத்தில் பன்றி. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கேட்டதும் எடுத்துப் பலகையில் வைத்து, கத்தியால் பொடியாகக் கொத்தி, சூடான ரொட்டியைக் கீறி அடைத்துக் கையில் தருகிறார்கள். அந்தக் கைவேகம் இருபது பண்டம் விற்கிறவருக்கு வராது. பெரிய தெருவிலும் அப்படிப்பட்ட கடை இருக்கலாம், சந்திலும் மோசமான கடை இருக்கலாம். அளவுகோல் தெரு அல்ல, கடைக்காரரின் கை.

---

சிராங்கூன்வாசி | 9 அக்டோபர் 2025

இதை ஏற்கிறேன்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். இதே ஊர் தாங் அரச வம்சத்தின் காலத்தில் சாங்ஆன். உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. ஆனால் அங்கே இரவுச் சந்தைக்கு அனுமதி கிடையாது. நண்பகலில் 300 முறை முரசு அடித்துச் சந்தையைத் திறப்பார்கள், சூரியன் மறையும் முன் 300 முறை சேகண்டி அடித்து மூடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு குடியிருப்பின் மதில் கதவும் சாத்தப்படும். இரவில் தெருவில் திரிந்தால் பிரம்படி. சோங் அரசு வந்த பிறகு 965இல்தான் கைஃபெங் தலைநகரில் மூன்றாம் சாமம் வரை இரவுச் சந்தையைத் தடுக்கக் கூடாது என்று ஆணை போட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேல் ஆகிறது.

கைஃபெங்கில் முரசு மாடத்தைச் சுற்றி இன்றும் இரவுச் சந்தை கூடுகிறது. நீண்ட மூக்கு வைத்த செம்புக் கெண்டியிலிருந்து ஆப்ரிகாட் பழக்கொட்டைப் பருப்பில் செய்த கஞ்சி ஊற்றித் தருவார்கள். சாறு நிறைந்த கொழுக்கட்டைக்கும் அந்த ஊர் பேர்போனது. 2024 நவம்பரில் செங்சோ நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் கொழுக்கட்டையைச் சாப்பிட 50 கிலோமீட்டர் இரவில் சைக்கிள் மிதித்துப் போனார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து நெடுஞ்சாலையே அடைத்துக்கொண்டது. சியானிலிருந்து அதிவேக ரயிலில் அங்கே போகலாம்.

---

மதுரை இரவு | 10 அக்டோபர் 2025

டாக்டர் தம்பி, வயிறு கெடாமல் இருக்க என்ன செய்வது? எனக்கு ஒருமுறை வெளியூரில் மோசமாகப் பட்ட அனுபவம் உண்டு.

---

ஸ்டெதஸ்கோப் | 10 அக்டோபர் 2025

உங்கள் முன்னால் வெந்து, ஆவி பறக்கக் கைக்கு வருவதைச் சாப்பிடுங்கள். கூட்டம் இருக்கும் கடையில் நில்லுங்கள், சரக்கு தேங்காது. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். உள்ளூர்க்காரர்களே காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். உப்புக் கரைசல் பொட்டலம் நான்கு கொண்டு போங்கள். கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மிகவும் கவனம், பாதிப் பண்டங்களில் அவை உண்டு. முதல் இரவே பத்துக் கடை ஏறாதீர்கள். காகிதக் கைக்குட்டையும் உங்களுடையதே இருக்கட்டும், பல கடைகளில் தர மாட்டார்கள்.

அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம். தேசிய விடுமுறை, கால் வைக்க இடம் இருக்காது.

இவ்வளவு எழுதிவிட்டு யாங் ரோ பாவ் மோ பற்றிச் சொல்லாமல் விட்டால் என் நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஆட்டுச் சாற்றில் ரொட்டி. கடையில் உட்கார்ந்ததும் வெறும் கிண்ணமும் இரண்டு கெட்டி ரொட்டியும் ஒரு எண் வில்லையும் தருவார்கள். ரொட்டியை நாமே பிய்க்க வேண்டும். நகத்தால் கிள்ளிக் கிள்ளிச் சோயா பயறு அளவுக்கு. இப்போது இயந்திரத்தில் வெட்டியும் தருகிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். கிள்ளிய ஓரம் சொரசொரப்பாக இருந்தால்தான் சாறு உள்ளே ஏறும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் அங்கே பேச்சு, குடும்பக் கதை, சண்டை, சமாதானம் எல்லாம்.

பிய்த்து முடித்ததும் கிண்ணம் எண்ணோடு சமையலறைக்குப் போகும். சாறு எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சாறே தெரியாமல் வற்றவைப்பது ஒரு வகை. சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு வாய்ச் சாறு மட்டும் மிஞ்சுவது இன்னொன்று, அதன் பெயரே ‘வாய்ச் சாறு’. ரொட்டியைச் சுற்றிச் சாறு நிற்பது ‘கோட்டையைச் சூழ்ந்த நீர்’. வந்ததும் கலக்கிவிடக் கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே போக வேண்டும். தொட்டுக்கொள்ள இனிப்பு வினிகரில் ஊறிய முழுப் பூண்டு. குளிர்காலத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

---

காவேரிக்கரை | 23 நவம்பர் 2025

ஊர் திரும்பிவிட்டோம். இந்த இழையை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன், உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அவலைப் பிரிக்கவே இல்லை. எள் விழுது ஊற்றிய லியாங் பீ நான்கு இரவு சாப்பிட்டேன். அந்தக் கடை அம்மாள் இரண்டாம் நாளே என்னைக் கண்டதும் ‘ஸு, ஸு’ என்று தானாகவே சொல்லி, கரண்டியை வேறு தண்ணீரில் அலசிவிட்டுப் பரிமாறினார். நான் கேட்கவில்லை. மொழி தெரியாத ஊரில் என் சாப்பாட்டுக்காக ஒருவர் கரண்டி கழுவியதை மறக்க மாட்டேன்.

பெர்சிமன் அடை வால்நட் பூரணத்தோடு கிடைத்தது. தெருவில் ஏழு டிகிரி குளிர், கையில் சுடச்சுட அடை. மேலே மொறுமொறு, உள்ளே பழத்தின் இனிப்பு. வாய் வெந்தது, நிறுத்தவில்லை. குட்டிப் புட்டை எங்கள் பாட்டி பார்த்திருந்தால் தேங்காய்த் துருவல் எங்கே என்று கேட்டிருப்பார்.

‘பு யாவ் ரோ தாங்’ ஒரு கடையில் காப்பாற்றியது. காய்கறி நூடுல்ஸ்தான் கேட்டோம். அந்த வார்த்தையைச் சொன்னதும் சமையல்காரர் கையை ஆட்டி, எங்கள் கடையில் சாறு எல்லாமே ஆடு என்று சைகையில் காட்டி, எதிர்க் கடைக்கு அவரே அழைத்துப் போய் விட்டார்.

கணவர் பாவ் மோ சாப்பிட்டார். அவருடைய இரண்டு ரொட்டியில் ஒன்றை நான் பிய்த்துக் கொடுத்தேன். நானும் அந்த மேசையில் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா. பக்கத்து மேசையில் ஒரு தாத்தாவும் பேரனும் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா எட்டிப் பார்த்து, எங்கள் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, விரலால் நான்காகக் கிள்ளித் திரும்பப் போட்டார். அப்புறம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கிள்ளினோம்.

---

ஸ்டெதஸ்கோப் | 23 நவம்பர் 2025

அக்கா, கடைசியில் எந்த அளவுக்கு வந்தது?

---

காவேரிக்கரை | 23 நவம்பர் 2025

என்னுடையது உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. அவருடையது கொண்டைக்கடலை. தாத்தா என் பக்கத்தைப் பார்த்துத்தான் கட்டைவிரலை உயர்த்தினார்.